பாம்புக்கு ஆயுத பூஜை

போர்டுல ராஜாளின்னுதான் எழுதியிருந்துச்சு. ரெக்கைய விரிச்ச பறவை படம், அதுக்குக் கீழ யாரும் படிக்காத எச்சரிக்கை. ஆனா கடம்பத்தூர் தாண்டி இருந்த அந்தப் பார்க்குல வேல செய்யற ஒருத்தரும் அந்த ரோலர் கோஸ்டர ராஜாளின்னு கூப்பிட்டதில்ல. பாம்புதான். பாம்பு இன்னிக்கி ஓடுதா, பாம்புக்கு சக்கரம் மாத்தணும், பாம்பு கிட்ட கூட்டம் ஜாஸ்தி, இப்படித்தான் பேச்சு.

பேர வெச்சவன் ஜெரால்டு. பாம்போட ஃபிட்டரும் அவன்தான். அதப் பாத்தா ஊர்லயே அதிகமா பயப்படற ஆளும் அவன்தான்.

சிரிக்காதீங்க. அந்தப் பயத்துக்கு ஒரு கத இருக்குது.

பாம்பு இங்க பொறந்தது இல்ல. ஏதோ ஒரு குளிர் தேசத்துல ஓடிக்கினு இருந்த வண்டி. அங்க பார்க்க இழுத்து மூடிட்டாங்க. கழட்டி, நம்பர் குத்தி, கன்டெய்னர்ல அடைச்சு கப்பல்ல ஏத்தி அனுப்பினத நம்மாளு ஒருத்தர் வாங்கினாரு. வாங்கின நேரம் சரியில்ல. நிலத்துல வில்லங்கம், அது முடிஞ்சா கொரோனா. வண்டி மொத்தமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி யார்டுல வெயில்லயும் மழையிலயும் கெடந்துச்சு. தண்டவாளத்து மேல கோவக்கொடி ஏறிடுச்சு. ஜெரால்டு அப்ப அந்தக் கம்பெனியில வேல. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் தொறந்தா அந்தத் தண்டவாளத்து மேலதான் உக்காருவாங்க. ஒரு நாள் பெரிய குழாய்க்குள்ளருந்து ஒரு சாரைப்பாம்பு நிதானமா வெளிய வந்து, அவன் டப்பாவத் தாண்டி, வேலிப்பக்கம் போச்சு. பேரு அன்னிக்கே ஒட்டிக்கிச்சு.

அப்புறம் ஒரு வழியா நிலம் அமைஞ்சுது. பிரிச்சுப் பாத்தா பாதி வளைவக் காணோம். கப்பல்ல போச்சா, கட்டும்போதே உட்டுட்டானுங்களா, யாருக்குத் தெரியும். காணாமப் போனதையெல்லாம் சிப்காட்டுலயே குழாய் வளைச்சு செஞ்சாங்க. ஒரு வெள்ளக்கார இன்ஜினியர் வந்து நின்னுக்கினு, வளைச்சத வெட்டு, வெட்டினத மறுபடி வளைன்னு உசுர வாங்கினாரு. பேஜாரு புடிச்ச வேல. ஆனாலும் ஒவ்வொரு போல்ட்டும் ஜெரால்டு கை பட்டது.

கடைசியா கடம்பத்தூர்ல தூண் நட்டு நிறுத்தினாங்க. மொதல் சோதனையில ஆளு ஏத்தல. ஒரு ஆளு எடைக்கு மணல் ரொப்பி, மூட்டை மூட்டையா சீட்டுல கட்டி அனுப்பினாங்க. ரெண்டாவது வளைவுல ஒரு மூட்டை மட்டும் கழண்டுச்சு. ஜெரால்டு நின்ன எடத்துக்குக் கிட்டவே வந்து உழுந்து வெடிச்சுது. மணல் அவன் மூஞ்சியில அடிச்சுது. வெள்ளக்காரரு பூட்ட மாத்தினாரு, ஒரு பூட்டுக்கு ரெண்டு பூட்டாப் போட்டாரு. அதுக்கப்புறம் ஒரு மூட்டையும் உழல. ஆனா ஜெரால்டுக்கு அந்தச் சத்தம் காதவிட்டுப் போவல. பார்க்குக்காரங்க, "உனக்குத்தான் இது ஆதியோட அந்தமா தெரியும், இங்கியே வந்துடு"ன்னு கூப்பிட்டப்ப, பயத்தோடவேதான் வந்தான். வேற எவனோ பாக்கறதுக்கு நாமளே பாத்துடலாம்னு ஒரு நெனப்பு.

அதனால தெனம் காலையில அவனுக்குன்னு ஒரு மொற. தண்டவாளத்தோட நடந்து பாப்பான். காலி வண்டிய ஒரு சுத்து உடுவான். அது ஒழுங்கா வந்து நின்னா, தான் மட்டும் மொத சீட்டுல உக்காந்து இன்னொரு சுத்து போவான். வாயே தொறக்க மாட்டான். பல்லக் கடிச்சிக்கினு, கண்ண நேராக் குத்திக்கினு உக்காந்திருப்பான்.

"இன்னாண்ணா, சாவு ஊட்டுக்குப் போற மாதிரியே போறீங்க. ஒரு தடவயாச்சும் கத்துங்களேன்," அப்படின்னு இளமதி கிண்டல் பண்ணும். பட்டன் அமுக்கற ரூம்ல உக்காந்திருக்கற பொண்ணு அது.

"நான் கத்தறதுக்கு ஏறல. சக்கரம் இன்னா சொல்லுதுன்னு கேக்க ஏறறேன்," அப்படிம்பான்.

அவன் பொண்டாட்டி கன்னியம்மாவும் அதே பார்க்குலதான், கிளீனிங் வேல. ஞானஸ்நானத்துல வேற பேரு வெச்சாங்க, சர்ச்சு ரிஜிஸ்டரத் தவிர யாரும் அந்தப் பேரக் கூப்பிடல. கல்யாணத்துக்கு மின்ன அவ சிப்காட்டுல ஒரு மருந்து கம்பெனியில கான்ட்ராக்ட் லேபரா இருந்தவ. அங்க ஒரு நாள் கேஸ் லீக் ஆச்சு. எவனோ "கேஸு"ன்னு கத்தினதும் இவ கையில இருந்தத அப்படியே போட்டுட்டு, முந்தானைய மூக்குல வெச்சிக்கினு ஓடிட்டா. பக்கத்துல நின்ன பொண்ணு "எங்க, எங்க"ன்னு கேட்டுக்கினு நின்னுச்சு. அந்தப் பொண்ணு இன்னிக்கும் ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். அதுலருந்து கன்னியம்மாவுக்கு அந்த ஒரு வார்த்த போதும். தூக்கத்துல சொன்னாக்கூட எழுந்து ஓடுவா. அவ மட்டும் இல்ல, அந்தப் பக்கத்து ஜனங்களே அப்படித்தான். என்னா ஏதுன்னு கேக்கறதெல்லாம் ஓடி முடிச்சப்புறம்தான்.

இவங்களுக்கு ஒரே பொண்ணு, ஸ்நேகா. பாம்பு வாசல்ல ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டுக்குத் தல எட்டாத புள்ளைங்கள ஏத்த மாட்டாங்க. இது வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வந்து முதுக ஒட்டிக்கினு நிக்கும். எட்டாது. ஜெரால்டு வெளிய "பாவம்"னு சொல்லுவான், உள்ளுக்குள்ள கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவான். இந்த வருஷம் தல கோட்டத் தாண்டிடுச்சு.

ஆயுத பூஜைன்னா பார்க்குல பெரிய விசேஷம். கோயிலுக்குப் போறவன் சர்ச்சுக்குப் போறவன்னு பாக்கறதில்ல, பொரியும் கடலையும் யாருக்குக் கசக்கும். காலையில வெளிய கூட்டம் உடமாட்டாங்க. வேல செய்யறவங்க குடும்பம் மட்டும் வரும். எல்லா மெஷினுக்கும் பூஜை போட்டு, மொத ஓட்டம் அவங்களுக்குத்தான்.

மின்ன நாள் சாயங்காலம் மொத்த பார்க்கும் கழுவித் தொடச்சிக்கினு இருந்துச்சு. ஜெரால்டு சக்கரம் ஒண்ண மாத்தறதுல மும்முரமா இருந்தான். கன்னியம்மா வந்து, "இங்க நான் இன்னா செய்யணும்?"னு கேட்டா. ஒரு எண்ணெ டின்னையும் வேஸ்ட் துணியையும் எடுத்துக் குடுத்து, கையால ஒரு வீச்சு வீசிக் காட்டினான்.

"எல்லாத்தையும் எண்ணெ போட்டு பளபளன்னு தொடச்சு வெச்சிடு."

அவன் மனசுல இருந்தது கைப்புடிக் கம்பி, கேட்டு, படிக்கட்டு. அத வாயத் தொறந்து சொல்லல. சிப்காட்டுல எந்த ஒர்க்‌ஷாப்லயும் ஆயுத பூஜைக்கு அப்படித்தான், இரும்புன்னு இருக்கறது எதுவா இருந்தாலும் எண்ணெ போட்டு மினுமினுன்னு ஆக்கிடுவாங்க. அவளும் அதப் பாத்து வளந்தவதான். அவன் திரும்பவும் சக்கரத்துக்குள்ள தலைய உட்டுக்கினான்.

மறுநாள் காலையில நாஷ்டா கூட சரியா சாப்பிடாம வந்து நின்னான். வாழ மரம், மாவிலை, சந்தனப் பொட்டு, திருவிழா மாதிரி இருந்துச்சு பாம்பு. வீரராகவன் வேட்டி சட்டையில வந்திருந்தாரு. மெயின்டனன்ஸுக்குத் தலைவரு, திருப்பாச்சூர்காரரு, நெலம் நீச்சு உள்ள குடும்பம். நல்ல மனுஷன், ஆனா சாங்கியம் பாக்கறதுல அவர மிஞ்ச ஆள் கெடையாது.

"சார், பூஜைக்கு மின்ன ஒரு காலி சுத்து உட்டுடறேன்," அப்படின்னான் ஜெரால்டு.

"இன்னா நைனா பேசற. பூஜை ஆவாம சுவிட்சு போடலாமா?"

"அப்ப பூஜை முடிஞ்ச கையோட..."

"பூஜை போட்டு மொத வண்டிய எவனாவது காலியா அனுப்புவானா? நெறஞ்ச வண்டியா போவணும். நேத்து மத்தியானம் வரைக்கும் ஒழுங்காத்தான ஓடுச்சு. ஒரு நாள் உன் பயத்துக்கு லீவு குடு."

பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. ஸ்நேகா அதுக்குள்ள மொத சீட்டுல ஏறி உக்காந்துக்கினு, பக்கத்து சீட்டத் தட்டித் தட்டி அப்பாவக் கூப்பிட்டுச்சு. ஜெரால்டு சக்கரத்தப் பாத்தான், பூட்ட ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தான், பிரேக்குக்குப் போற காத்து மீட்டரப் பாத்தான். முள்ளு சரியா நின்னுச்சு. பிரேக் பக்கம் நடந்து போய்ப் பாத்திருக்கணும். அங்க ஏணி போட்டு தோரணம் கட்டிக்கினு இருந்தாங்க. சரி, மீட்டரு சரியா இருக்குதேன்னு உட்டுட்டான். அவன் வாழ்க்கையில அப்படி உட்டது அது ஒரு வாட்டிதான்.

எலுமிச்சம்பழம் வெச்சு, கற்பூரம் காட்டி, மணி அடிச்சு முடிஞ்சுது. வீரராகவன் கையில பூசணிக்கா. மேல ஓட்டை போட்டு, உள்ள குங்குமம் ரொப்பி, கற்பூரம் வெச்சிருந்தாங்க. அங்க ஒரு வழக்கம் உண்டு. மொத சுத்து முடிச்சிட்டு வண்டி, ஆளு ஏறி எறங்கற ஸ்டேஷனுக்குள்ள நொழையறதுக்கு மின்ன பிரேக்குல வந்து நிக்கும் இல்ல, அப்ப அது மூஞ்சிக்கு நேரா தண்டவாளத்துல நின்னு ஆரத்தி எடுத்து, பூசணிக்காய சுத்தி ஒடைக்கணும். அப்புறம்தான் வண்டி உள்ள வரும். ஆரத்தித் தட்டு புடிக்க ஒரு பொம்பள வேணும்னாங்க. புருஷனும் பொண்ணும் மொத சீட்டுல வராங்களே, கன்னியம்மாவே புடிக்கட்டும்னு தட்ட அவ கையில குடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் தண்டவாளப் பள்ளத்துல எறங்கி நின்னாங்க. நெஞ்சு ஒசரத்துக்கு சுவரு இருக்கற பள்ளம். அவ புதுப்பொடவையில நின்னுக்கினு பொண்ணப் பாத்துக் கைய ஆட்டினா.

வண்டி கெளம்புச்சு.

டக் டக் டக் டக்னு சங்கிலி இழுத்துக்கினு மேல ஏறுச்சு. பின்னாடி தடுப்புப் பல்லு ஒண்ணு ஒண்ணா உழற சத்தம் அது. வண்டி கீழ நழுவாம புடிச்சிக்கறது அந்தப் பல்லுதான். ஏற ஏற ஊர் தெரிஞ்சுது. கடம்பத்தூர் ஸ்டேஷன், அரக்கோணம் வண்டி ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சு, அதுக்கு அந்தாண்ட நாத்து நட்ட வயலு. "அப்பா, நம்ம ஊடு தெரியுதா?"ன்னு ஸ்நேகா கேட்டுச்சு. ஊட்டத் தேடறதுக்குக் கீழ குனிஞ்சவன் கண்ணுல பிரேக் பட்டுச்சு.

தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு ரெண்டா நீளமா போற இரும்புப் பட்டை. வண்டி மேல வந்ததும், அடியில தொங்கற தகட்ட ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கணும். ஒரசி ஒரசி எப்பவும் சாம்பல் பூத்து, மங்கலாத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கணும். இன்னிக்கி வெயிலு பட்டு அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடி வரைக்கும் பளபளன்னு இருந்துச்சு.

மொதல்ல தண்ணியோன்னு நெனச்சான். தண்ணி இந்நேரம் காஞ்சிருக்கும். அப்புறம் எண்ணெ டின்னு ஞாபகம் வந்துச்சு. தன் கை வீசினது ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும்னு சொன்னமே. கன்னியம்மா எதையும் அரகுறையா செய்யறவ இல்ல. வெளிப்பக்கம் உள்பக்கம்னு துணிய உட்டு உட்டுத் தொடச்சிருப்பா. பொண்ணு போற வண்டியாச்சே.

வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, அது அவனுக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. பிரேக் புடிக்கலன்னா ஸ்டேஷனத் தாண்டி ஓடி, திரும்ப இந்த ஏத்தத்துல ஏறும், பல்லு புடிச்சுக்கும். ஆனா நடுவுல பள்ளத்துல கன்னியம்மா நிக்கறா. ஆரத்தித் தட்டோட, வண்டி தன் மின்னாடி வந்து நிக்கும்னு நம்பி நிக்கறா.

"நிறுத்து. இளமதி, வண்டிய நிறுத்து," அப்படின்னு கத்தினான். இங்க இருக்கும்போது இளமதி பட்டன அமுக்கினா போதும், சங்கிலி நின்னுடும். ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கப் போட்டுக் காட்டினான். ரிப்பேர் சமயத்துல அவங்களுக்குள்ள இருக்கற ஜாடை அது, நிறுத்துன்னு அர்த்தம்.

பின்னாடி உக்காந்திருந்த அத்தினி பேரும் அதப் பாத்துட்டு தாங்களும் கைய மேல தூக்கிக் குறுக்கப் போட்டாங்க. ஹோன்னு கத்தினாங்க. "அப்பா கத்தறாரு, அப்பா கத்தறாரு"ன்னு ஸ்நேகா குதிச்சுது. கீழ ரூம்ல இளமதி போன நீட்டிப் புடிச்சு வீடியோ எடுத்துக்கினு சிரிக்குது. ஜெரால்டு அண்ணன் கத்தறத அது கண்ணால பாக்கறது அன்னிக்குத்தான்.

அவன் தொண்ட கிழியக் கத்தினான். ரோலர் கோஸ்டர்ல ஒக்காந்துக்கினு காப்பாத்துங்கன்னு கத்தினா எவன் காதுல ஏறும். எல்லாரும் அதத்தான கத்தறாங்க.

டக் டக் நின்னுச்சு. சங்கிலி உட்டுடுச்சு.

உழுந்தாங்க. காத்து வாயில புகுந்து மூச்ச அடைச்சுது. இவ்வளோ நாளா அவன் பயந்த எறக்கம், பயந்த வளைவு எல்லாம் வந்துச்சு, போச்சு. எதுவும் மனசுல ஏறல. மணல் மூட்டை உழுந்து வெடிச்ச சத்தம் மட்டும் காதுல கேட்டுக்கினே இருந்துச்சு. அவனுக்குத் தெரியும், இன்னும் ஒரே ஒரு எடம் பாக்கி. மூணாவது வளைவுல தண்டவாளம் தாழ எறங்கி, ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வேலிய ஒட்டிப் போவும். அங்க சொன்னா காதுல உழும். ஒரு வார்த்தைக்குத்தான் நேரம்.

இன்னா வார்த்த. நிறுத்துன்னா சிரிப்பாங்க. தள்ளிப் போன்னா எங்கன்னு கேப்பாங்க. கன்னியம்மான்னு பேரச் சொன்னா, பாவி, திரும்பிப் பாத்துக் கைய ஆட்டுவா.

வேலி வந்துச்சு. தோரணம் தெரிஞ்சுது, கற்பூரப் பொக தெரிஞ்சுது. ஜெரால்டு இருக்கற உசுரையெல்லாம் சேத்துக் கத்தினான்.

"கேஸு. கேஸு."

அவ்ளோதான், வண்டி திருப்பிக்கினு அந்தப் பக்கம் ஓடிடுச்சு. காதுல உழுந்துச்சா இல்லியா, ஓடினாங்களா நின்னாங்களா, ஒண்ணும் தெரியல. சுத்து வளைவுல ஒடம்ப ஒரு பக்கமா அமுக்குது. ஸ்நேகா சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அந்தப் புள்ள கைய அவன் இறுக்கிப் புடிச்சான். ஏசப்பா, அவ கேட்டிருக்கணும். ஏசப்பா, அவ எங்கன்னு கேக்காம ஓடியிருக்கணும்.

பிரேக் மேல வந்தாங்க. எப்பவும் இந்த எடத்துல வண்டி புடிச்சு நிறுத்தும், ஒடம்பு மின்ன தள்ளும். இன்னிக்கி சீ...ன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். வழுக்கிக்கினு போச்சு. ஜெரால்டு கண்ண மூடிக்கினான். தடால்னு எதுவோ மோதிச்சு. சில்லுனு, ஈரமா, மூஞ்சி மேல அடிச்சுது.

டக் டக் டக். ஏத்தத்துல கொஞ்ச தூரம் ஏறி, பல்லுல மாட்டிக்கினு, வண்டி நின்னுபோச்சு.

கண்ணத் தொறந்தா எல்லாம் செவப்பு. வண்டி மூஞ்சி செவப்பு, அவன் சட்ட செவப்பு, ஸ்நேகா கன்னத்துல கழுத்துல எல்லாம் செவப்பு. அந்தப் புள்ள சிரிக்கறத நிறுத்திடுச்சு. வெரலால கன்னத்தத் தொட்டுப் பாத்துச்சு.

"அப்பா, அம்மா எங்க?"

பூட்டு போட்ட கம்பி மாருக்கு மேல அமுக்கிக்கினு இருக்குது, திரும்பிப் பாக்கவும் முடியல. திரும்ப முடிஞ்சாலும் திரும்பியிருக்க மாட்டான், அவ்ளோ பயம். மடியில வெள்ளையா ஒரு துண்டு கெடந்துச்சு. எடுத்தான். பூசணிக்கா. வெதை ஒட்டிக்கினு இருந்துச்சு. மூக்குல பச்சக் காயோட வாசனை, குங்கும வாசனை. சரி, பூசணிக்கா. பூசணிக்கா மட்டும்தானா. அதச் சொல்ல அங்க யாரும் இல்ல. பின்னாடி ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா சத்தம் இல்ல.

இளமதிதான் மொதல்ல வந்துச்சு. துப்பட்டாவ மூக்குல கட்டிக்கினு, ஒவ்வொரு பூட்டா தொறந்துச்சு. ஜெரால்டு எழுந்து, கம்பியப் புடிச்சிக்கினு, திரும்பினான்.

பள்ளத்துல ஆரத்தித் தட்டு கவுந்து கெடந்துச்சு, தண்டவாளத்து மேல உட்டுட்டு ஓடின பூசணிக்கா செதறிக் கெடந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. தூரத்துல, காத்து வீசற பக்கமா பாத்து, தண்ணித் தொட்டிகிட்ட மொத்த ஜனமும் முந்தானையும் கைக்குட்டையும் மூக்குல வெச்சிக்கினு நின்னுச்சு. நடுவுல கன்னியம்மா. வீரராகவன் சாரு சட்டைக் காலரக் கொத்தாப் புடிச்சிருந்தா, இன்னும் உடல. அவருக்கு வேட்டி முட்டி வரைக்கும் கிழிஞ்சு தொங்குது. பள்ளத்துலருந்து அவர அவதான் இழுத்து மேல போட்டிருக்கா.

ஜெரால்டு படிக்கட்டுல பாதிதான் எறங்கினான். அங்கியே உக்காந்துக்கினு அழுதான். யாரு பாத்தா இன்னா.

கன்னியம்மா ஓடி வந்தா. "எங்க லீக்கு? காத்து எந்தப் பக்கம்?"னு கேட்டவ, பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு பதறிட்டா. குங்குமம்னு தெரிஞ்சதும் முந்தானையால அழுத்தி அழுத்தித் தொடச்சா.

"அம்மா, அப்பா கத்தினாரும்மா. நெஜமாலுமே கத்தினாரு," அப்படின்னுச்சு ஸ்நேகா.

வீரராகவன் மெதுவா வந்தாரு. ஒடைஞ்ச பூசணிக்காயப் பாத்தாரு, தான் நின்ன எடத்தப் பாத்தாரு, அப்புறம் பிரேக் பட்டை கிட்ட போய் ஒரு வெரல வெச்சு எடுத்தாரு. அந்த வெரலையே பாத்துக்கினு நின்னாரு. முழுசாப் புரிஞ்சுபோச்சு அவருக்கு. வாயத் தொறக்கப் போனவரப் பாத்து ஜெரால்டு தலைய ஆட்டினான், வேணாம் சார்னு.

"நான் காலி வண்டி உடாம ஏறிட்டேன் சார். எம்மேலதான் தப்பு."

வீரராகவன் வெரல கிழிஞ்ச வேட்டியில தொடச்சிக்கினாரு.

கன்னியம்மாவுக்கு எதுவும் வெளங்கல. கேஸு இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது. புருஷன் பக்கத்துல படியில உக்காந்தா. அவ நகக்கண்ணுல நேத்து எண்ணெக் கருப்பு இன்னும் போவல.

"இன்னா கோளாறுன்னே தெரியலியே. நேத்து அத்தினி இரும்பையும் நான்தான் தொடச்சேன். கீழ அந்தப் பட்டைக்குக் கூட கைய உட்டு உட்டுத் தொடச்சேன், உனுக்குப் பேரு வரணும்னு. நீ பாத்தியா இல்லியா?"

ஜெரால்டு அவ கைய எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ள வெச்சிக்கினான்.

"பாத்தேன்," அப்படின்னான். "மேலருந்தே தெரிஞ்சுது."

அவளுக்கு சந்தோஷமாயிடுச்சு.